மஞ்சள் விளக்கை அணைத்த மகனுக்கு

கண்ணு,

இதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படிக்காமலேயே அழித்துவிடுவாய். போன் செய்தால், "வேலையில இருக்கேம்மா, அப்புறம் கூப்புடறேன்" என்கிறாய். அந்த அப்புறம் இன்று வரைக்கும் வரவில்லை. அதனால்தான் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். நீயும் இப்போது நாலு பேர் பார்க்கிற இடத்தில்தானே பேசுகிறாய்? ஷார்ஜாவில் ஒர்க்‌ஷாப் வேலை போக, வாரா வாரம் ஒரு வீடியோ போடுகிறாயாம். நானாகத் தேடிப் பார்க்கவில்லை. நம் டிரைவர் ஜெயராஜின் மனைவி சுமதிதான் தன் போனைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "உங்க பையன் எத்தன அழகா விளக்கிச் சொல்றாருன்னு பாருங்கம்மா" என்றாள். பார்த்தேன். கட்டைவிரல் அளவு ஸ்கேனரை ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகினாய். ப்ளூடூத்தில் போனோடு சேர்த்தாய். காருக்கு என்ன கோளாறு என்று திரையில் வந்தது. "டேஷ்போர்டுல மஞ்ச லைட்டப் பாத்தா பதறாதீங்க நண்பர்களே, இந்தப் பட்டனத் தொட்டா ஒரே நொடியில காணாமப் போயிரும்" என்று சொல்லிவிட்டு, வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாய். கட்டிலில் படுத்திருந்த ஜெயராஜும் உன்னைப் பார்த்துச் சிரித்தான். நான் டீ டம்ளரைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

உனக்கு எல்லாம் தெரியும். ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாது, அவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நாங்கள் குன்னூரில் இரண்டு டாக்ஸி வைத்துப் பிழைக்கிற குடும்பம். உன் அப்பா போன பிறகு, புக்கிங் எடுப்பது, ஆட்களை அனுப்புவது, வாடகைக்கு எடுக்கிற பார்ட்டியோடு மல்லுக்கட்டுவது எல்லாம் நான். வண்டிகளைக் கவனிப்பது நீ. ஆட்டோமொபைல் டிப்ளமா படித்துவிட்டு வந்தவன் அல்லவா? ஜெயராஜ் உன் அப்பா காலத்திலேயே எங்களிடம் சேர்ந்த டிரைவர். தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவன், உன்னைவிட நாலைந்து வயது மூத்தவன். நீ அவனை அண்ணா என்று கூப்பிட்டாய். அவன் வீட்டுக் கோழிக்குழம்பு என்றால் என் சமையலைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாய். உனக்கு மலைப்பாதையில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவன்தான்.

அந்த ஸ்கேனர் பார்சலில் வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? உன் அப்பாவின் பழைய ஜீப்பில்தான் முதலில் சொருகிப் பார்க்கப் போனாய். டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு அரைமணி நேரம் துழாவினாய். அந்தக் காலத்து ஜீப்பில் அதற்கான துவாரமே கிடையாது என்று உனக்கு அப்போது உறைக்கவில்லை. நெற்றியில் புடைத்துக்கொண்டு வெளியே வந்தாய். ஜெயராஜ் விழுந்து விழுந்து சிரித்தான். "ஏன் தம்பி, ஜீப்புக்குக் காச்சலா, உனக்கா?" என்று கேட்டான். நீ அவனைத் துரத்திக்கொண்டு ரோடு வரைக்கும் ஓடினாய். என் வீட்டில் அப்படிச் சிரித்த நாள் அதற்குப் பிறகு அதிகம் இல்லை.

அந்த வருடமே இரண்டாவது வண்டி வாங்கலாம் என்று தேவர்சோலைக்குப் போனோம். விற்கிறவர் வண்டியைத் தேய்த்துத் துடைத்து, கண்ணாடி மாதிரி நிறுத்தியிருந்தார். விளக்கு ஒன்றுகூட எரியவில்லை. நான் சரியென்று தலையாட்டப் போனேன். நீ ஸ்கேனரைச் சொருகி, போனைப் பார்த்து, அவரிடம் மெதுவாகக் கேட்டாய்: "காலைல எதையோ அழிச்சிருக்கீங்களே, அது என்னங்க?" அவர் முகம் செத்துவிட்டது. "ஏய், அதொண்ணும் இல்ல மோனே, சும்மா ஒரு சென்சாரு" என்று குழறினார். கோளாறை அழித்தபிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதையும் அந்தக் கருவி காட்டும் என்று வரும் வழியெல்லாம் எனக்கு விளக்கிக்கொண்டே வந்தாய். "விளக்க அணைச்சா நோவு போயிருமாம்மா? மனுசன் உசிரு போற விசயம், இப்புடிப் பண்றாங்களே" என்று பொரிந்து தள்ளினாய். என் வயிறு குளிர்ந்துவிட்டது. கூடலூரில் இறங்கி உனக்குப் பிடித்த பழம்பொரி வாங்கிக் கொடுத்தேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், தெரியாமல் செய்துவிட்டேன் என்று நீ சொல்ல முடியாது. உன்னைவிட நன்றாகத் தெரிந்தவன் இந்த மலையில் யார் இருந்தான்?

சீசன் வந்தது. மலர்க்கண்காட்சி நேரம். மலையில் டாக்ஸி வைத்திருக்கிறவர்களுக்கு அந்த ஒரு மாதம்தான் வருடம். யார் வண்டியும் நிற்காது, நிற்கவும் விடமாட்டோம். அப்போதுதான் ஜெயராஜ் ஒரு நாள் வந்து, "அம்மா, காட்டேரிப் பூங்கா ஏத்தத்துல வண்டி ஒரு வாட்டி தடுமாறுச்சுங்க. மஞ்ச லைட்டு வேற வந்துருச்சு" என்றான். நீ போனை எடுத்துப் பார்த்தாய். எஞ்சின் சுற்றுவதைப் பார்த்துச் சொல்கிற சென்சார் போய்க்கொண்டிருக்கிறது என்று வந்தது. அதிகம் சூடானால் அது வேலை செய்யாது, எஞ்சின் சட்டென்று நின்றுவிடும், ஆறினால் மறுபடி ஓடும் என்று நீதான் சொன்னாய். சாமான் கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டும், மாற்ற ஒரு நாள் வண்டி நிற்கவேண்டும். நான் புக்கிங்கைப் பார்த்தேன். "இந்த வாரம் மட்டும் ஓட்டிரலாமா?" என்று கேட்டேன். ஆமாம், நான்தான் கேட்டேன். முடியாது என்று நீ சொல்லியிருக்க வேண்டும். நீ ஒரு நிமிடம் யோசித்தாய். பிறகு பட்டனைத் தொட்டாய். விளக்கு அணைந்தது. மறுநாள் மறுபடி வந்தது, மறுபடி அழித்தாய். மஞ்சள் விளக்கு எரிகிற வண்டியைப் பார்த்தால் டூரிஸ்ட் முகம் சுளிப்பான் என்பதற்காக, காலையில் பல் விளக்குவது போல அதையும் ஒரு வேலையாக ஆக்கிக்கொண்டாய். விபத்து நடந்த அந்த நாள் காலையில் ஜெயராஜ் கேட்டான்: "தம்பி, சரியாயிருச்சா?" நீ சொன்னாய்: "பாத்துட்டேங்ணா, எல்லாம் சரியாயிருச்சு. நீங்க கெளம்புங்க." நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மேட்டுப்பாளையத்தில் ரயிலிறங்கிய சேலத்துக் குடும்பம். அப்பா, அம்மா, இரண்டாவது படிக்கிற ஒரு பெண் குழந்தை. மலைப்பாதையில் பர்லியாறு தாண்டி டிராஃபிக்கில் நகர்ந்து நகர்ந்து நின்று ஏறியிருக்கிறார்கள். எஞ்சின் கொதித்திருக்கும். ஒரு கொண்டை ஊசி வளைவில், மேலிருந்து பஸ் இறங்கும்போது, எஞ்சின் நின்றுவிட்டது. எஞ்சின் நின்றால், இரண்டு மிதிக்குப் பிறகு பிரேக் பெடல் கல்லாகிவிடும், ஸ்டியரிங் லேசில் திரும்பாது. அவன் மறுபடி ஸ்டார்ட் செய்யப் பார்த்திருக்கிறான். ஸ்டார்ட் செய்ய கிளட்ச்சை மிதிக்க வேண்டும். கிளட்ச்சை மிதித்தால் கியர் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. "எல்லாம் சரியாயிருச்சு" என்று நீ சொன்னதை நம்பியதால்தான் அவன் திரும்பத் திரும்பச் சாவியைத் திருகினான். பழுதான வண்டி என்று தெரிந்திருந்தால் கியரில் போட்டுவிட்டு, ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து, எல்லாரையும் இறக்கிவிட்டுக் கல்லை முட்டுக் கொடுத்திருப்பான். வண்டி பின்னால் உருண்டு, தடுப்புச் சுவர் இல்லாத இடத்தில் பள்ளத்தில் இறங்கியது. அந்தக் குழந்தை அங்கேயே போய்விட்டது. பெற்றவர்கள் அடிபட்டுப் பிழைத்தார்கள். ஜெயராஜின் இடுப்பெலும்பு நொறுங்கியது.

இதுவரை நடந்தது பேராசையும் அசட்டையும். அதற்கு நாம் இருவரும் பங்காளிகள். இதற்கு அடுத்து நடந்ததற்குத்தான் எனக்குப் பெயர் தெரியவில்லை. வண்டியைத் தூக்கிக்கொண்டுவந்து போலீஸ் ஸ்டேஷன் பக்கத்துக் காலி இடத்தில் போட்டிருந்தார்கள். பின்பக்கம் அப்பளம், முன்பக்கம் பெரிதாக அடிபடவில்லை. சாமி படத்தை எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு நாம் இருவரும் போனோம். தூறிக்கொண்டிருந்தது. நான் குடை பிடித்தேன். நீ உள்ளே உட்கார்ந்து சாவியைப் போட்டாய், ஸ்கேனரைச் சொருகினாய். போனில் அதே கோளாறு வந்து நின்றது. நீ என்னைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன். "வேண்டாம் கண்ணு" என்று சொல்ல எனக்கு வேண்டிய அளவுக்கு நேரம் இருந்தது. நான் ஸ்டேஷன் வாசல் பக்கம் திரும்பி யாராவது வருகிறார்களா என்று பார்த்தேன். திரும்பி உன்னைப் பார்க்கும்போது போனில் கோளாறு போய்ப் பச்சை டிக் வந்திருந்தது.

மறுநாள் ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். "எஞ்சின் தானா நின்னுருச்சுன்னு டிரைவர் ஆஸ்பத்திரியில சொல்லியிருக்கான். உங்ககிட்ட ஸ்கேனர் இருக்காமே, போட்டுக் காட்டுங்க" என்றார். நீ அவர் கண்ணெதிரில் சொருகி, போனை அவர் பக்கம் திருப்பிப் பிடித்தாய். "ஒரு கோளாறும் இல்லீங்க சார், நீங்களே பாருங்க." சாதாரணமாகத்தான் சொன்னாய். என் வயிற்றில் பிறந்தவனா இவன் என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக நினைத்தேன். அழித்தபிறகு எத்தனை கிலோமீட்டர் என்று காட்டுகிற பக்கத்தை அவர் கேட்கவில்லை, நீயும் காட்டவில்லை. வண்டியில் இயந்திரக் கோளாறு எதுவும் இல்லை என்று அவர் எழுதிக்கொண்டு போனார், கேஸ் ஜெயராஜ் மேல் விழுந்தது. அடுத்த மாதமே உனக்கு விசா வந்தது. பாவி, நானும்தான் சாமி கும்பிட்டு, திருநீறு பூசி உன்னை அனுப்பிவைத்தேன். உள்ளே போட்டுவிடுவார்களோ என்று பயம். அப்பா இல்லாத பிள்ளை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஜெயராஜை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். வாரம் தவறாமல் ரொட்டியும் பழமும் வாங்கிக்கொண்டு அந்த லைன் வீட்டுக்குப் போனேன். முதலில் எல்லாம், "எஞ்சின் ஆஃப் ஆயிருச்சுங்கம்மா, சத்தியமாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான். யாரும் நம்பவில்லை. ஸ்டாண்டில் அவனோடு ஒன்றாக நின்ற டிரைவர்களே, "நியூட்ரல்ல விட்டுருப்பான்", "தூங்கியிருப்பான்" என்று பேசினார்கள். போன் ஒன்றும் இல்லை என்று காட்டிவிட்டதே, அதற்கு மேல் என்ன பேச்சு? கொஞ்சம் கொஞ்சமாக அவன் சொல்வது மாறியது. ஒரு நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "தம்பி மெசின் பொய் சொல்லாதுங்கம்மா. நாந்தான் அசந்துட்டேன் போலிருக்குதுங்க. இப்பெல்லாம் கண்ண மூடுனா, நான் தூங்குன மாதிரியேதான் ஞாபகம் வருதுங்க." சுமதி கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அவன் தன் மகனைத் தூக்குவதில்லையாம். பையன் பக்கத்தில் வந்து படுத்தால், "அங்குட்டுப் போ சாமி" என்று தள்ளிவிடுகிறானாம். ஒரு குழந்தையைக் கொன்ற கை என்று அவனுக்கு எண்ணம். சுமதி இதை என்னிடம் சொல்லித்தான் அழுதாள். வேறு யாரிடம் சொல்வாள்?

உன் வீடியோவைப் பார்த்துச் சிரித்த அதே நாள்தான் அவன் சொன்னான்: "அடுத்த வாய்தாவுல குத்தத்த ஒத்துக்கறேன்னு வக்கீல்கிட்டச் சொல்லிட்டேனுங்கம்மா. உள்ள போறதுக்கு முன்னால சேலத்துக்குப் போயி அந்தப் பாப்பாவோட அம்மா கால்ல விழோணுங்க. என்னால தனியாப் போவ முடியாது. நீங்க கூட வாரீங்களா?"

இதற்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும், சொல்லேன். இத்தனை பேருக்குக் கேட்காமலேயே யோசனை சொல்கிறாயே, எனக்கும் ஒன்று சொல். அவன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், அந்தத் தாயின் காலில் விழ வைத்துவிட்டு, பக்கத்தில் நான் நிற்கவேண்டுமா?

ஒன்று சொல்கிறேன், உன் அடுத்த வீடியோவுக்கு வைத்துக்கொள். அந்தக் கருவி மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. நீ, நான், அது, இந்த மூன்றில் உண்மையைச் சொன்னது அது மட்டும்தான். ஒவ்வொரு நாள் காலையிலும் சொன்னது. வண்டி நசுங்கிக் கிடந்தபோதும் சொன்னது. நாம்தான் அதன் வாயைப் பொத்தினோம். உன் பேச்சைக் கேட்கிறவர்களிடம் சொல்: கோளாறைப் படி, படித்ததை வண்டி ஓட்டுகிறவனிடம் மறைக்காமல் சொல், சாமானை மாற்று. அழிக்கிற பட்டன் அதற்குப் பிறகுதான். மாற்றக் கையில் வசதி இல்லையென்றால், சீசனாவது மண்ணாவது, வண்டியை நிறுத்து. எந்தப் பார்ட்டி கத்தினாலும் கத்தட்டும். பெற்ற தாயே "இந்த வாரம் மட்டும்" என்று கேட்டாலும் கேட்காதே. நான் உனக்குச் சொல்லித்தர வேண்டியது இதுதான். சொல்ல வேண்டிய நேரத்தில் நான் புக்கிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. அவன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். சுமதி வழக்கம்போல டீயை நீட்டினாள். அதைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சென்சார், காலைதோறும் அழித்தது, ஸ்டேஷனில் குடை பிடித்தது, எதையும் விடவில்லை. ஜெயராஜ் கட்டில் கம்பியைப் பிடித்துத் தலையைத் தூக்கினான். பிறகு, "அப்ப நான் தூங்கலீங்களா?" என்று கேட்டான். "தூங்கல சாமி" என்றேன். "பிரேக்க மிதிச்சனுங்களா?" என்றான். "மிதிச்சிருப்ப. அது புடிச்சிருக்காது. எஞ்சின் நின்னா புடிக்காது" என்றேன். "எஞ்சின் நின்னுச்சுங்களா?" என்றான். "நின்னுச்சு சாமி. நீ சொன்னதுதான் நெசம்." மறுபடி முதலிலிருந்து கேட்டான், தூங்கலீங்களா என்று. கேட்டதையே கேட்டான். நான் சொன்னதையே சொன்னேன். பிறகு அழ ஆரம்பித்தான். சுமதி போய் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அழுது முடித்து, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்தான். இத்தனை வருடத்தில் அவன் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"இத்தன நாளும் தெரிஞ்சேதான் வந்து, என் ஊட்டு டீயக் குடிச்சிட்டுப் போனீங்களா?"

சுமதி நான் கொண்டுபோன பையை எடுத்து வாசலுக்கு வெளியே வைத்தாள். நான் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டேன். தேயிலைக்கு நடுவில் இறங்கி ரோட்டுக்கு வந்தேன். கண்ணு, என் மேல் காறித் துப்பியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

போலீஸிடம் உன்னை விட்டுவிட்டு என்னை மட்டும் சொல்ல முடியுமா என்று, அவன் வீட்டுக்குப் போவதற்கு முன்பே இரண்டு நாள் யோசித்துப் பார்த்தேன். அழித்தது நான்தான் என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அந்தப் போனில் எதை எங்கே தொடவேண்டும் என்று நாலு கேள்வி கேட்டால் மாட்டிக்கொள்வேன். அதோடு, மறுபடியும் ஒரு பொய்யைச் சொல்லி ஜெயராஜின் பேரைக் காப்பாற்ற முடியாது. ஜெயராஜின் வக்கீல் நாளைக் காலையில் வரச் சொல்லியிருக்கிறார், அங்கிருந்து ஸ்டேஷனுக்கு. நான் பார்த்ததைப் பார்த்தபடியே சொல்லப் போகிறேன். நீ டிக்கெட் போட்டு வந்தால் உன் பக்கத்தில் உட்காருவேன், ஜெயிலுக்குச் சோறு கட்டிக்கொண்டு வருவேன், என்னையும் உள்ளே வைத்தால் இருவரும் சேர்ந்தே இருப்போம். வரவில்லையென்றால் உன்னை எப்படி வரவழைப்பது என்பதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

அழித்தது யார் என்று முதலில் கேட்பார்கள். உன்னைத் தொட்டிலில் போட்ட அன்று உன் காதில் மூன்று தடவை சொல்லி நான் வைத்த பெயரை, நாளைக்கு நானே என் வாயால் அவர்களிடம் சொல்லப் போகிறேன்.

அம்மா